முத்து முத்தாக இல்லாத கையெழுத்து

வாசகர் கேள்வி – பதில்

பழைய கடிதங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அவை படிப்பதற்கு மட்டுமல்லாமல் பார்ப்பதற்கும் உரியவை என்று சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே போகிற போக்கில் எழுதியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு கொங்கு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளே இம்முறை மிகுதி. எனவே இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: என் அம்மாவைப் பெற்ற அப்பச்சியின் தகரப் பெட்டியில், கம்பியில் குத்தி வைத்த கடிதக் கட்டு ஒன்று கிடைத்தது. அவற்றில் இரண்டுக்கு வண்ணப் படி எடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்று அப்பச்சி எழுதிய கார்டு. மற்றொன்று அம்மாவைப் பெற்ற அம்மிச்சி சொல்லச் சொல்லப் பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிப் பிள்ளை எழுதிக் கொடுத்த இன்லேண்ட் கடிதம். காளை வாங்கியது, மழை பெய்தது, சீர் கொண்டுவரும் நாள் எது என்பதற்கு மேல் இவற்றில் செய்தி ஏதும் இல்லை. எழுத்தும் முத்து முத்தாக இல்லை. செல்போனில் படம் பிடித்துக்கொண்டு கட்டைக் கழித்துவிடலாம் என்கிறான் என் மகன். ஓர் ஓவியத்தைப் பார்ப்பதுபோல் பார்க்க இவற்றில் ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நிறையவே இருக்கிறது. ஆனால் அதைக் காண்பதற்குச் சற்று நேரம் படிப்பதை நிறுத்த வேண்டும். தெரிந்த மொழியில் எழுதியது கண்ணில் பட்டவுடன் பொருளாகிவிடுகிறது. அது எந்த வடிவத்தில் வந்தது என்பதைக் கவனிக்க மனம் காத்திருப்பதில்லை. ஆகவே கார்டைத் தலைகீழாகத் திருப்பி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சொற்கள் மறைந்து, கறுப்பும் வெள்ளையும் எங்கெங்கே அடர்ந்தும் எங்கெங்கே விலகியும் நிற்கின்றன என்பது மட்டும் தெரியும். கடிதத்தை ரசிப்பதற்கு இதுவே நல்ல தொடக்கம்.

உங்கள் அப்பச்சியின் கார்டை அப்படிப் பார்த்தோம். நடுவில் பிள்ளையார் சுழி, அதன் கீழே 'சென்னியாண்டவர் துணை', வலது மேல் மூலையில் கண்ணபுரம் என்று ஊர்ப்பெயர். அவர் மாட்டுச் சந்தைக்குப் போன இடத்தில் எழுதியிருக்கிறார். முதல் ஐந்து வரிகள் தாராளமாக இடம் விட்டு ஓடுகின்றன. ஒவ்வொரு வரியும் இடப்புறம் தொடங்கிய உயரத்தைவிட வலப்புறத்தில் சற்று ஏறி முடிகிறது. காளை ஜோடியின் விலையைச் சொல்லும் இடத்துக்கு வந்தபோது இடம் போதாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து எழுத்து சிறுக்கிறது, வரிகள் நெருங்குகின்றன, கடைசி இரண்டு வரிகளில் மேல்வரியின் சுழிகளும் கீழ்வரியில் கி, கீ போன்றவற்றின் மேல்விலங்குகளும் ஏறக்குறைய ஒன்றையொன்று தொடுகின்றன. அதற்கும் மேல் சொல்ல வேண்டியிருந்ததால், கார்டைப் பக்கவாட்டில் திருப்பி, இடது ஓரத்தின் வெற்றிடத்தில் கீழிருந்து மேலாக ஒரு வரியை ஓடவிட்டிருக்கிறார். 14 சென்டிமீட்டர் நீளமும் 9 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அட்டையில், மேலே காற்றோட்டமும் கீழே நெரிசலும் பக்கத்தில் செங்குத்தான ஒரு தூணுமாக ஓர் அமைப்பு தானாக வந்திருக்கிறது. திட்டமிட்டு வரைகிறவருக்கு இது எளிதில் கைகூடாது.

மையையும் பாருங்கள். அவர் எழுதியது தொட்டெழுதும் பேனா என்பது படியிலேயே தெரிகிறது. ஒரு சொல் கருகருவென்று தொடங்கி, நாலைந்து சொற்களில் வெளிறி, திடீரென்று மறுபடியும் கறுக்கிறது. பேனா மைக்கூட்டுக்குப் போய்த் திரும்பிய ஒவ்வொரு முறையும் இப்படிப் பதிவாகியிருக்கிறது. விலையை எழுதிய இடம்தான் கார்டிலேயே மிகக் கறுப்பு. அந்தத் தொகையை எழுதுவதற்கு முன் அவர் புதிதாக மை தொட்டிருக்கிறார்.

அம்மிச்சியின் கடிதத்தில் இரண்டு கைகள் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளையின் எழுத்து பந்துமுனைப் பேனாவில் ஒரே அளவாய், ஒரே சாய்வாய், கண்ணுக்குத் தெரியாத கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அடியில் அம்மிச்சி தம் பெயரைத் தாமே எழுதியிருக்கிறார்: மற்ற எழுத்துகளைப்போல் இரண்டு மடங்கு பெரிதாக, ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியே நிறுத்தி, இறுதி மெய்யின் புள்ளியைக் காகிதம் பள்ளமாகும் அளவுக்கு அழுத்தி. பக்கத்தின் எடை முழுவதும் அந்த ஒரு பெயரில்தான் இறங்கியிருக்கிறது. அசல் உங்களிடம் இருப்பதால் ஒன்று செய்து பாருங்கள். அறையின் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைக் காகிதத்துக்குப் பக்கவாட்டில் படுக்கை மட்டமாகப் பிடித்து அடியுங்கள். அழுத்திய கோடுகள் பள்ளங்களாக நிழல் விழுந்து தெரியும். காகிதத்தைத் திருப்பினால் பின்பக்கத்தில் அவை மேடுகளாக விரலுக்குத் தட்டுப்படும். மகன் சொல்லும் செல்போன் படத்தில் செய்தி தங்கிவிடும். இந்த மேடு பள்ளம் தங்கும் என்று சொல்வதற்கில்லை.

முத்து முத்தாக இல்லை என்ற குறைக்கு வருவோம். அந்தப் பாராட்டு நான்கு கோட்டு நோட்டிலிருந்து வந்தது. எல்லா எழுத்தும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது அச்சுக்கோப்பவரிடம் எதிர்பார்க்க வேண்டிய ஒழுங்கு. கையெழுத்தை அதே அளவுகோலால் அளந்தால், அது தோற்றுப்போன அச்சாக மட்டுமே தெரியும். ஒழுங்கான கையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஈரோட்டு மஞ்சள் மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் எழுதிய வியாபாரக் கடிதங்களில், தொகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நூல் பிடித்து நிற்கும் அழகு தனி. ஆனால் அவசரம், இடநெருக்கடி, பழகாத பேனா ஆகியவற்றோடு ஒரு கை மல்லுக்கட்டியது தெரியும் பக்கத்தையே நாம் முதலில் எடுத்துப் பார்ப்போம்.

கம்பி குத்திய துளையையும் அதைச் சுற்றிப் படிந்த துரு வளையத்தையும் அழிக்க முயலாதீர்கள். அதுவும் அந்தப் பக்கத்தின் பகுதிதான்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கடிதங்களில் சிலவற்றில் ஆண்டே இல்லை, சிலவற்றில் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கிறது. 'லை', 'னை' முதலியவை பழைய வடிவத்தில் உள்ளன. எழுத்தின் வடிவத்தைக் கொண்டே கடிதத்தின் காலத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஈரோட்டிலிருந்து வந்த இந்தக் கேள்விக்கு ஈரோட்டிலேயே பதிலைத் தொடங்கலாம். ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு எழுத்தோடு ஒட்டி மேலே வளைந்து நிற்கும் துதிக்கைக்குப் பதிலாக, மற்ற எழுத்துகளுக்கு உள்ளது போன்ற தனிக் குறியே போதும் என்றும், ணா, றா, னா போன்றவற்றில் எழுத்தையே சுழிக்காமல் தனியே காலை நிறுத்தலாம் என்றும் வாதிட்ட பெரியார், 1935 முதல் தம் ஏடுகளில் அவ்வாறே அச்சிட்டார். தமிழ்நாட்டு அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978 அக்டோபரில். ணொ, றோ போன்றவற்றையும் சேர்த்து, 13 எழுத்துகள் இவ்வாறு மாறின.

இதிலிருந்து, துதிக்கை இருந்தால் 1978-க்கு முந்தைய கடிதம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பள்ளியில் பழகிய வடிவத்தைக் கை எளிதில் விடாது. 1990-களிலும் துதிக்கை லையே எழுதிய பெரியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆகவே அது எழுதியவரின் பள்ளிப் பருவத்தைத்தான் காட்டும். சுவையான சான்று இதற்கு நேர்மாறானது. 1950-களின் அஞ்சல் முத்திரை உள்ள ஒரு கடிதத்தில் புதிய வடிவ 'லை' இருந்தால், எழுதியவர் பெரியாரின் ஏடுகளைப் படித்துப் பழகியவராக இருந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஒரு வளைவை எழுதாமல் விட்டதிலேயே அவருடைய அரசியல் சாய்வு வெளிப்பட்டிருக்கக் கூடும்.

காலத்தைக் கணிக்க எழுத்தைவிடக் காகிதம் நம்பகமானது. இன்லேண்ட் கடிதம் 1950-இல்தான் அறிமுகமாயிற்று. அஞ்சல் தலையில் அணா இருந்தால் 1957-க்கு முந்தைய வெளியீடு. நயா பைசா இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட வெளியீடு. முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால், அம்முறை தொடங்கிய 1972 ஆகஸ்டுக்குப் பிற்பட்டது. எண் இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனெனில் இன்றைக்கும் அதை எழுதாமல் அனுப்புகிறவர்கள் உண்டு. தமிழ் வருடம் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றி வருவது. விகாரி வருடம் என்றிருந்தால் அது 1959–60 ஆகலாம், 1899–1900 ஆகலாம், 2019–20-ம் ஆகலாம். மேலே சொன்ன அடையாளங்களோடு சேர்த்துப் பார்த்தால் எது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

காலக் கணிப்பை முடித்த பிறகு அந்தப் பழைய வடிவங்களை மறுபடியும் வெறும் கோடுகளாகப் பாருங்கள். துதிக்கை எழுத்துகள் வரியின் மேற்புறத்தை உயர்த்திக் காட்டும். புதிய வடிவங்கள் வரியைப் பக்கவாட்டில் நீட்டும். தேதியிடும்போது பெரியவர்கள் பயன்படுத்திய ௵, ௴, ௳ ஆகிய குறிகளும் அப்படியே. வருடம், மாதம், நாள் என்பவற்றை ஒரே இழுப்பில் எழுதும் அந்தச் சுருக்கங்கள் ஒவ்வொரு கையிலும் ஒவ்வொரு விதமாகச் சுழன்றிருக்கும். ஒரே ஆளுடைய பல கடிதங்களை வரிசையாக வைத்து அந்த மூன்று குறிகளை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தால், கை பழகியதையும் வேகம் கூடியதையும் முதுமையில் நடுங்கத் தொடங்கியதையும் தொடர்ந்து காணலாம்.

கேள்வி: கையெழுத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், திருப்பூர்

பதில்: இல்லை. சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் அந்தக் கணிப்பு தேறவில்லை. வரி மேலேறினால் நம்பிக்கைக்காரர், கீழிறங்கினால் சோர்ந்தவர் என்பதெல்லாம் ஜோசியத்தின் தம்பி. அப்பச்சியின் வரி ஏறியதற்குக் கார்டைத் தொடையில் வைத்து எழுதியதும் காரணமாக இருக்கலாம்.

கேள்வி: காளை வாங்கிய கார்டைக் கலை என்று சொல்வது கொஞ்சம் அதிகமாகத் தோன்றவில்லையா? சாதாரணக் கடிதத்தை உலகத்தில் வேறு யாராவது அப்படி மதித்திருக்கிறார்களா?
– வாசகர், கரூர்

பதில்: மதித்திருக்கிறார்கள். அதுவும் காளை ஜோடியைவிடச் சிறிய விஷயத்துக்கு. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வாங் ஷிஜியைச் சீனர்கள் எழுத்துக்கலையின் முதல்வராகக் கொண்டாடுகிறார்கள். அவர் பெயரால் இன்று எஞ்சியிருப்பவற்றில் பெரும்பகுதி உறவினர்க்கும் நண்பர்க்கும் எழுதிய சிறு கடிதங்கள். ஒன்றில் உள்ள செய்தி இவ்வளவுதான்: ஆரஞ்சு 300 அனுப்புகிறேன்; உறைபனி இன்னும் விழவில்லை; இதற்கு மேல் கிடைக்காது. மொத்தம் 12 எழுத்துகள். இன்றைக்கு இருப்பது மூலம் அல்ல. மூலத்தின் மேல் தாளை வைத்து, ஒவ்வொரு கோட்டின் ஓரத்தையும் மயிரிழையாக வரைந்து, உள்ளே மை நிரப்பி எடுத்த பழம்படி. தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. பழக்கூடையோடு போன துண்டுச் சீட்டை ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் போற்றியவர்கள் ஆரஞ்சின் எண்ணிக்கைக்காகப் போற்றவில்லை. தூரிகை எங்கே அழுந்தியது, எங்கே விடுபட்டது என்பதற்காகவே போற்றினார்கள்.

வான்கோவின் கடிதங்கள் 800-க்கும் மேல் கிடைத்துள்ளன. பலவற்றில் எழுதிக்கொண்டே வந்த வரிகளின் நடுவே, தான் தீட்டிக்கொண்டிருக்கும் ஓவியத்தின் சிறு கோட்டுப் படத்தையும் போட்டுவிடுவார். தாகூர் தம் கையெழுத்துப் படிகளில் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்து விசித்திர விலங்குகளாகவும் பறவைகளாகவும் ஆக்கினார். அவர் ஓவியரானதற்கு அந்த அடித்தல்களே வாசல். அவர்கள் பெரிய மனிதர்கள் என்று நீங்கள் சொல்லலாம். கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்து, பின்னாளில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்த கே.சி.எஸ். பணிக்கர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையில் தீட்டிய படங்களை வேண்டுமானால் பாருங்கள். ஜாதகக் கட்டங்களையும் கணக்குக் குறிகளையும் நினைவூட்டும் எழுத்து வரிகள் அவற்றின் பரப்பெங்கும் ஓடும். படிக்க முயன்றால் பொருள் பிடிபடாது. கணக்குச் சுவடியையும் ஜாதகக் குறிப்பையும் படிக்காமல் பார்த்த கண் அது.

எழுத்தைப் பார்ப்பதற்கென்றே அமைக்கும் வழக்கம் நம் வட்டாரத்தில் இன்னும் பழையது. ஈரோடு மாவட்டம் அறச்சலூருக்கு அருகில் நாகமலைக் குகையில், 1,500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கல்வெட்டு இருக்கிறது. வரிக்கு ஐந்தாக ஐந்து வரிகளில் தாள எழுத்துகள்:

த தை தா தை த
தை தா தே தா தை
தா தே தை தே தா
தை தா தே தா தை
த தை தா தை த

இடமிருந்து வலமாகப் படித்தாலும், வலமிருந்து இடமாகப் படித்தாலும், மேலிருந்து கீழாகவோ கீழிருந்து மேலாகவோ படித்தாலும் ஒன்றே வரும். காதுக்கு உரிய தாளத்தை இப்படிக் கண்ணுக்கு உரிய சதுரமாகக் கட்டியவர் தம் பெயரையும் அருகிலேயே வெட்டி வைத்திருக்கிறார்: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். சென்னிமலைக்கு அப்பால், நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கிடைத்த பானை ஓடுகளில் ஆட்களின் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. கல்லில் வெட்டியதைவிட அந்தக் கீறல்களே கடிதத்துக்கு நெருங்கிய உறவு; வழுக்கும் வளைந்த ஓட்டில் கோடு சறுக்கிய இடமெல்லாம் அப்படியே நிற்கிறது.

கேள்வி: அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதம் ஒன்றைச் சட்டமிட்டுக் கூடத்தில் மாட்ட நினைக்கிறோம். லேமினேட் செய்துவிடலாமா? அவர்களுடைய சொந்தக் கடிதத்தை வருகிறவர் போகிறவர் எல்லாம் படிப்பது முறையா என்றும் தங்கை கேட்கிறாள்.
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: லேமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டும் அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்துக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. கிழிசலுக்கு செல்லோ டேப்பும் ஒட்டாதீர்கள். பசை பழுத்து மஞ்சள் கறையாகக் காகிதத்தில் இறங்கிவிடும். அசலை அமிலமற்ற தாளுறையில் மடிப்பை விரித்துப் படுக்கையாக வைத்துவிட்டு, நல்ல வண்ணப் படி ஒன்றை மாட்டுவதே சரி. எழுதப் பயன்படும் நீல மைகளில் பல, வெளிச்சம் பட்டால் வெளிறுபவை. அசலைத்தான் மாட்டுவோம் என்றால், வெயில் படாத உட்சுவரில், கண்ணாடி காகிதத்தைத் தொடாதபடி நடுவே அட்டை விளிம்பு கொடுத்து மாட்டுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து இறங்கும் ஊர் உங்களுடையது. ஈரம் கண்ணாடிக்குப் பின்னால் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து பெட்டியில் வசம்பு போடுவதானால் துணியில் முடிந்து போடுங்கள்; கடிதத்தின் மேல் நேராகப் பட வேண்டாம். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய கறுப்பு மையில் எழுதியது ஏதேனும் இருந்தால் அதைத் தனியே வையுங்கள். அந்த மை நாளடைவில் காகிதத்தையே அரித்து, கோடு கோடாக உதிர வைக்கும்.

தங்கை கேட்டது நியாயம். அதற்கு எளிய வழி ஒன்றுண்டு: முகவரிப் பக்கத்தை மாட்டுங்கள். அது ஊர் அறிய எழுதப்பட்டது. தபால்காரர் முதல் எல்லோரும் பார்த்தது. பல கடிதங்களில் உள்ளே இருப்பதைவிட அதுவே அழகாகவும் இருக்கிறது. பெயர், தோட்டத்தின் பெயர், கிராமம், அஞ்சல், வழி, தாலுகா என்று ஒவ்வொரு வரியும் முந்தையதைவிடச் சற்று வலப்புறம் தள்ளித் தொடங்கிப் படியிறங்கி வந்து, கடைசியில் ஊர்ப் பெயரின் கீழே அழுத்தமாக இரட்டைக் கோடு. அதன் மேல் வட்ட முத்திரை பாதி விழுந்தும் பாதி விழாமலும் கிடக்கும். ஊர் மாறிப் போயிருந்தால் யாரோ சிவப்பு மையில் முகவரியை அடித்துத் திருத்தியிருப்பார்கள். அம்மாவின் பெயரை அப்பா முகவரியில் எப்படி எழுதினார் என்பதை மட்டும் கூடத்துக்குக் கொடுத்துவிட்டு, உள்ளே எழுதியதை வீட்டோடு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவி. கடிதமே எழுதியதில்லை. எழுதத் தொடங்க என்ன பேனா, என்ன தாள் வாங்க வேண்டும்?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: விலை உயர்ந்த பேனாவோ கைவினைத் தாளோ வேண்டாம்; அவற்றை வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் தாளைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் எழுதாமலேயே வைத்திருக்கிறார்கள். அஞ்சலகத்தில் 50 காசுக்கு அட்டை கிடைக்கிறது. பந்துமுனைப் பேனா போதும். மைப்பேனா உண்டென்றால், அந்த அட்டையில் மை பரவக்கூடும் என்பதால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளாதீர்கள். வேறு தாளில் எழுதிப் பார்த்துப் படியெடுக்கவும் வேண்டாம், படியெடுத்த எழுத்து ஜீவனில்லாமல் இருக்கும். அடித்தல் வந்தால் ஒற்றைக் கோட்டால் அடித்துவிட்டு மேலே போங்கள். இடம் போதாமல் போனால் அட்டையைத் திருப்பி ஓரத்தில் எழுதலாம். ஆனால் முகவரிக்கு உரிய வலப்பாதிக்குள் மட்டும் நுழைந்துவிடக் கூடாது, நுழைந்தால் கடிதம் வேறு ஊருக்குப் போய்விடும்.